பெரிய இன்ஜின் இருந்தால் மட்டும் போதுமா? நில வேக சாதனையின் முதல் 37 ஆண்டுகள்

கேள்வி இதுதான்: "1899இல் ஒரு கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டியது, 1935இல் இன்னொன்று 480 கி.மீ.யைத் தாண்டியது என்று படித்தேன். நடுவில் 20, 30, 80 லிட்டர் விமான இன்ஜின்களையெல்லாம் காரில் ஏற்றியிருக்கிறார்கள். அவ்வளவு சக்தி இருந்தும் ஏன் இத்தனை வருடம் ஆனது? ஓட்டியவர்கள் யார்? முதல் சாதனைகள் மின்சாரக் கார்களுடையவை என்கிறார்களே, உண்மையா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்மைதான். முதல் ஆறு சாதனைகளும் மின்சாரக் கார்கள் செய்தவை. ஏழாவது நீராவிக் கார். அதற்குப் பிறகுதான் பெட்ரோல் வருகிறது.

மற்ற இரண்டு கேள்விகளையும் பிரிக்க முடியாது. இந்த விஷயத்தில் இன்ஜினுக்குச் சக்தி தேடுவது எப்போதுமே சுலபமான பாதியாகத்தான் இருந்தது. கஷ்டமெல்லாம் இன்ஜினுக்கு வெளியே. ஓட்ட நீளமான, தட்டையான இடம் வேண்டும். அந்த வேகத்தில் பிய்ந்து போகாத டயர் வேண்டும். ஓடியதை யாரும் மறுக்க முடியாதபடி அளக்கவும் வேண்டும். இவற்றில் ஏதோ ஒன்று ஒவ்வொரு காலகட்டத்திலும் காலை வாரியிருக்கிறது. சில சமயம் உயிரையும் வாங்கியிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். மூன்று மடங்காக்க 27 மடங்கு. அதனால்தான் விமான இன்ஜின்களைத் தேடிப் போனார்கள். அந்தச் சக்தியைத் தரையில் இறக்குவது எப்படி என்பதில்தான் எல்லோரும் தடுமாறினார்கள்.

சரி, ஆரம்பத்துக்கு வருவோம். 1898 டிசம்பர் 18. பாரிசுக்கு அருகே ஆஷேர் என்ற இடத்தில் ஒரு நேரான சாலை. 'லா பிரான்ஸ் ஆட்டோமொபில்' பத்திரிகை வேகப் போட்டி ஒன்றை நடத்தியது. காஸ்தோன் த ஷாஸ்லூ-லோபா என்ற பிரபு ழான்டோ கம்பெனியின் மின்சாரக் காரில் ஒரு கிலோமீட்டரை 57 வினாடியில் கடந்தார். மணிக்கு 63 கி.மீ. சொச்சம். இன்று ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போகும் பையன் அதைவிட வேகமாகப் போவான். ஆனால் வெறும் பேச்சாக இல்லாமல் அளந்து எழுதப்பட்ட முதல் எண் அதுதான்.

அந்தப் போட்டியைத் தவறவிட்டவர் பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனாட்ஸி. செந்தாடிக்காரர். பிற்பாடு அவருக்குச் 'சிவப்புச் சாத்தான்' என்று பட்டப்பெயரே வந்தது. அவரும் மின்சார வண்டி தயாரிப்பவர், ழான்டோவுக்கு நேர்ப் போட்டியாளர். ஆகவே இது வீரத்தைப் பற்றிய சண்டை மட்டுமல்ல, வியாபாரச் சண்டையும்தான். 1899 ஜனவரி 17 அன்று ஜெனாட்ஸி 66.66 கி.மீ. ஓட்டினார். அதே நாளில் ஷாஸ்லூ-லோபா 70.31 ஓட்டினார். பத்து நாளில் ஜெனாட்ஸி 80. மார்ச்சில் ஷாஸ்லூ-லோபா 92.78. ஏப்ரல் 29 அன்று ஜெனாட்ஸி இதற்கென்றே தனியாகக் கட்டிய காருடன் வந்து, 34 வினாடியில் கிலோமீட்டரைக் கடந்து 105.88ஐத் தொட்டார். மூன்றரை மாதத்தில் ஐந்து முறை சாதனை கை மாறியது என்றால் சூட்டைப் புரிந்துகொள்ளலாம்.

அந்தக் காருக்கு 'லா ஜமே கோன்தான்த்' என்று பெயர். எதிலும் திருப்தி அடையாதவள் என்று அர்த்தம். அலுமினியக் கலப்பு உலோகத்தில், குண்டு போன்ற வடிவத்தில் உடல். பின்சக்கரங்களை நேரடியாகச் சுழற்றும் இரண்டு மோட்டார்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 68 குதிரைத்திறன். மிஷலின் டயர். காற்றைப் பற்றி யோசித்துச் செய்த உடல் என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஜெனாட்ஸி அதன் மேலே இடுப்புக்கு மேல் முழுதும் வெளியே தெரிய உட்கார்ந்திருக்கிறார், கீழே சக்கரமும் அச்சும் திறந்து கிடக்கின்றன! காற்றை ஏமாற்ற நினைத்து, பாதி வழியில் மறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

மின்சாரம் ஏன் முதலில் ஜெயித்தது? போட்டி ஒரு கிலோமீட்டர்தான். பேட்டரி கனமானது, சீக்கிரம் தீரும் என்ற குறைகளெல்லாம் நீண்ட பயணத்தில்தான் தலைவலி. ஒரே ஓட்டத்துக்கு அது பொருட்டே இல்லை. மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையைக் கொடுக்கும், கியர் மாற்றும் தொல்லையும் கிடையாது. அன்றைய பெட்ரோல் இன்ஜின்கள் அதோடு மல்லுக்கட்டும் நிலையில் இல்லை. ஜெனாட்ஸியின் எண் மூன்று வருடம் அசையாமல் நின்றது. அவர் பிறகு 1903இல் அயர்லாந்தில் மெர்சிடிஸ் ஓட்டி கார்டன் பென்னட் பந்தயத்தையும் ஜெயித்தார். 1913இல் இறந்தது பந்தயத்தில் அல்ல: வேட்டைக்குப் போன இடத்தில் புதருக்குப் பின்னால் ஒளிந்து, நண்பர்களைப் பயமுறுத்த மிருகம் போலக் குரல் கொடுத்தார். மிருகம்தான் என்று நினைத்து நண்பர் சுட்டுவிட்டார்.

1902 ஏப்ரலில் லியோன் செர்ப்போலே, நீஸ் நகரத்தின் கடற்கரைச் சாலையில் முட்டை வடிவ நீராவிக் காரில் 120.8 கி.மீ. ஓட்டினார். அதே ஆகஸ்டில் அமெரிக்கக் கோடீஸ்வர வாரிசு வில்லியம் வாண்டர்பில்ட், மோர்ஸ் காரில் 122.4 ஓட்டிப் பெட்ரோலுக்கு முதல் சாதனையைக் கொண்டுவந்தார். அடுத்த இரண்டு வருடம் எண்கள் மளமளவென்று ஏறின. 1904 ஜூலையில் லூயி ரிகோலி பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் கடலோரச் சாலையில், கோப்ரோன்-பிரிலியே என்ற காரில் 166.66 கி.மீ. ஓட்டி, 100 மைல் வேகத்தைத் தாண்டிய முதல் ஆளானார்.

அதே 1904 ஜனவரியில் இன்னொரு சுவையான சம்பவம் நடந்தது. டெட்ராய்ட் பக்கம் உறைந்து கிடந்த செயின்ட் கிளேர் ஏரிமேல் சாம்பலைத் தூவிப் பாதை போட்டு, ஹென்றி ஃபோர்டு தானே ஒரு காரை ஓட்டினார். ஒரு மைலுக்கு 39.4 வினாடி, அதாவது மணிக்கு 147 கி.மீ. சாதனைகளை அங்கீகரிக்கும் பாரிஸ் அமைப்பு அதை ஏற்கவில்லை. ஃபோர்டுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை; கம்பெனி தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில் கிடைத்த விளம்பரம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

அளவைப் பற்றிய சண்டை இங்கிருந்து சூடு பிடிக்கிறது. 1906இல் ஃப்ரெட் மேரியட், ஸ்டான்லி நீராவிக் காரில் ஃபுளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரையில் ஒரு மைலை 28.2 வினாடியில் கடந்தார். 205 கி.மீ. வேகம். மறு வருடம் அதைவிட வேகமாகப் போக முயன்றபோது மணலில் ஒரு பள்ளத்தில் ஏறி கார் அந்தரத்தில் எழும்பி, விழுந்து, உடைந்து சிதறியது. மேரியட் பிழைத்தார். நீராவிக் கார்களுக்குள் அந்த 1906 வேகத்தை முறியடிக்க 2009 வரை ஆனது.

முதல் உலகப் போருக்கு முன் பெரிய பெயர் 'பிளிட்சன் பென்ஸ்'. 21.5 லிட்டர், 200 குதிரைத்திறன். அதை வைத்து விக்டர் எமெரி 1909இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் 202.7 கி.மீ. ஓட்டினார். 1911இல் பாப் பர்மன் ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில் அதே ரக காரில் 228 தொட்டார். இதற்கு நடுவில் சர்வதேச அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தது: எதிரெதிர்த் திசைகளில் இரண்டு முறை ஓட வேண்டும், சராசரிதான் சாதனை. காற்றும் சரிவும் தரும் உதவியைக் கழிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் விளைவைப் பாருங்கள்: 1914இல் ஹார்ன்ஸ்டெட் என்பவர் பென்ஸில் இரு திசையும் ஓடிப் பெற்ற அதிகாரபூர்வ எண் 199.7. ஐந்து வருடத்துக்கு முந்தைய எண்ணைவிடக் குறைவு! அமெரிக்கர்கள் ஒரு திசை ஓட்டத்தையே எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1919இல் ரால்ஃப் டி பால்மா பேக்கார்டு காரில் 241 ஓட்டியதை அமெரிக்கா கொண்டாடியது, பாரிஸ் கண்டுகொள்ளவே இல்லை. இந்தக் காலத்தின் சாதனைப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குக் காரணம் இதுதான். எந்த விதியின்படி என்று கேட்காமல் பட்டியலை நம்பக் கூடாது.

இரு திசை விதி இன்னொன்றையும் செய்தது. வேகம் எடுக்கவும் நிறுத்தவும் இரண்டு பக்கமும் நீளமான இடம் தேவைப்பட்டது. புரூக்லாண்ட்ஸ் சாய்ந்த வளைவுகள் கொண்ட கான்கிரீட் வட்டம்; அதன் நேர்ப் பகுதி போதவில்லை. 1922இல் கெனெல்ம் லீ கின்னஸ் 18 லிட்டர் V12 (12 சிலிண்டர்) சன்பீம் காரில் 215 கி.மீ. ஓட்டியதுதான் அங்கே நடந்த கடைசிச் சாதனை.

அந்தச் சன்பீம் காரைப் பிறகு வாங்கியவர் மால்கம் கேம்பல். லண்டனில் காப்பீட்டுத் தொழிலில் பணம் சேர்த்தவர். காருக்கு நீலப் பெயிண்ட் அடித்து 'புளூ பேர்ட்' என்று பெயர் வைத்தார். அளவு என்பது எப்படி ஒருவரைப் படுத்தும் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் இல்லை. 1922இல் சால்ட்பர்ன் கடற்கரையில் சாதனையைத் தாண்டி ஓடினார். கையால் ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்தது செல்லாது என்றார்கள். 1923இல் டென்மார்க்கின் ஃபனோ தீவில் மறுபடி தாண்டினார். நேரம் அளந்த கருவி அங்கீகாரம் பெற்றதல்ல என்றார்கள். 1924இல் மறுபடி ஃபனோ போனார். டயர் ஒன்று கழன்று பாய்ந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் இறந்துபோனான். கடைசியில் அதே 1924 செப்டம்பர் 25 அன்று, தெற்கு வேல்ஸின் பெண்டைன் கடற்கரையில் மணிக்கு 146.16 மைல் ஓடி முதல் அதிகாரபூர்வச் சாதனையைப் பெற்றார். அவர் முறியடித்த எண் 146.01. வித்தியாசம் கால் கிலோமீட்டர் வேகம்கூட இல்லை.

அந்த 146.01 யாருடையது என்பதும் சொல்ல வேண்டிய கதை. எர்னஸ்ட் எல்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர், இன்ஜின் வெடித்துப் போன ஒரு பழைய ஃபியட் பந்தயக் காரை வாங்கி, சேசிஸை நீட்டி, 21.7 லிட்டர் ஃபியட் விமான இன்ஜினை அதில் இறக்கினார். நீட்டுவதற்கு லண்டன் பஸ் ஒன்றின் சட்டத்தைப் பயன்படுத்தினார் என்றும் சொல்வார்கள். 'மெஃபிஸ்டோஃபிலிஸ்' என்று பெயர். செயின் டிரைவ், முன்சக்கரங்களுக்குப் பிரேக் கிடையாது. 1924 ஜூலையில் பாரிசுக்குத் தெற்கே ஆர்பழோன் பொதுச் சாலையில், இரண்டு பக்கமும் மரங்களுக்கு நடுவே இதை ஓட்டினார். எதிரே ரெனே தோமா, டெலாஜ் V12 காருடன். எல்ட்ரிட்ஜ் ஜெயித்த மாதிரி தெரிந்ததும் பிரெஞ்சுத் தரப்பு விதிப் புத்தகத்தைத் திறந்தது: காருக்கு ரிவர்ஸ் கியர் இருக்க வேண்டும், இந்த ராட்சசனுக்கு இல்லை. சாதனை தோமாவுக்குப் போனது. எல்ட்ரிட்ஜ் சளைக்கவில்லை, எப்படியோ பின்னால் உருள ஒரு ஏற்பாடு செய்துகொண்டு ஆறே நாளில் திரும்பி வந்து 234.98 கி.மீ. ஓட்டிப் பறித்துக்கொண்டார். முழுமுதல் வேக சாதனை பொதுச் சாலையில் நடந்தது அதோடு சரி.

இனி பெண்டைன். ஏன் கடற்கரை என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஏழு மைல் நேர் மணல். கடல் உள்வாங்கியதும் ஈரமணல் இறுகி ஓட்டுவதற்குத் தோதாகும். ஆனால் அடுத்த ஏற்றம் வருவதற்குள் தடத்தைக் குறித்து, கருவிகளைப் பொருத்தி, இரண்டு முறை ஓடி முடிக்க வேண்டும். அலை விட்டுச்சென்ற மேடு பள்ளம், சிப்பி, தேங்கிய தண்ணீர், எல்லாம் நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் காத்திருந்தால் தடம் நன்றாகும் என்ற உத்தரவாதமும் இல்லை.

1924 முதல் 1927 வரை மூன்று பேர் இந்தச் சாதனையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்: கேம்பல், ஹென்றி சீகிரேவ், பேரி தாமஸ். கேம்பல் 1925இல் தன் எண்ணை 150 மைலுக்கு மேல் கொண்டுபோனார். 1926 மார்ச்சில் சீகிரேவ் சவுத்போர்ட் கடற்கரையில் அதைத் தாண்டினார். அவர் ஓட்டிய சன்பீம் வெறும் 4 லிட்டர். மற்றவர்கள் இருபது லிட்டர் தேடிக்கொண்டிருந்தபோது, சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) வைத்த ஒரு சின்ன V12 காரை வைத்துக்கொண்டு 245 கி.மீ. எடுத்தது, என்னைக் கேட்டால், இந்தப் பத்தாண்டின் நேர்த்தியான சாதனை. ஆனால் ஆறு வாரம்தான் தாங்கியது.

அதை முறியடித்த பேரி தாமஸ் எனக்கு இவர்கள் எல்லோரையும்விடப் பிடித்தவர். வேல்ஸ்காரர், லேலண்ட் கம்பெனியில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். அதை விட்டுவிட்டு புரூக்லாண்ட்ஸ் தடத்துக்கு உள்ளேயே ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டு கார் கட்டினார், ஓட்டினார். பணக்காரர் இல்லை. கவுண்ட் ஸ்போரோவ்ஸ்கி என்ற செல்வந்தர் 27 லிட்டர் லிபர்ட்டி விமான இன்ஜினும், பழைய பிளிட்சன் பென்ஸின் கியர்பாக்ஸும் வைத்து ஒரு கார் கட்டியிருந்தார். 1924இல் அவர் மோன்ஸா பந்தயத்தில் இறந்த பிறகு அந்தக் காரைத் தாமஸ் 125 பவுண்டுக்கு வாங்கினார். பிஸ்டனிலிருந்து உடல் வரை தன் கையாலேயே மாற்றி அமைத்து 'பாப்ஸ்' என்று செல்லப் பெயர் வைத்தார். 1926 ஏப்ரல் 27, 28 இரண்டு நாளில் சாதனையை முதலில் 272 கி.மீ.க்கும், பிறகு 275க்கும் தூக்கினார். ஒரே தாவலில் கிட்டத்தட்ட 30 கி.மீ.! சீகிரேவின் பின்னால் சன்பீம் தொழிற்சாலை இருந்தது, கேம்பலிடம் பணம் இருந்தது. தாமஸிடம் ஒரு பட்டறையும் மூளையும்தான்.

1927 பிப்ரவரி 4 அன்று கேம்பல், நேப்பியர் லயன் விமான இன்ஜின் வைத்த புதிய புளூ பேர்டில் அதே பெண்டைனில் 281 ஓட்டினார். மார்ச் 3 அன்று தாமஸ் திரும்பி வந்தார். வேகமாக ஓடிக்கொண்டிருந்தபோது பாப்ஸ் உருண்டு புரண்டது. தாமஸ் அந்த இடத்திலேயே இறந்தார், வயது 41. வலப்பக்கச் செயின் அறுந்து தலையில் அடித்தது என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் எழுதினார்கள். காரைக் கடற்கரை மணலிலேயே புதைத்துவிட்டார்கள். 1969இல் ஓவன் வின் ஓவன் என்ற வேல்ஸ் கல்லூரி விரிவுரையாளர் அனுமதி வாங்கி அதைத் தோண்டி எடுத்து, வருடக்கணக்கில் உழைத்து ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். மீட்ட காரை ஆராய்ந்தவர்கள் பின்சக்கரம் ஒன்று உடைந்ததுதான் தொடக்கம், செயின் அறுந்தது அதன் விளைவு என்ற பக்கம் சாய்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

தாமஸ் இறந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 29 அன்று சீகிரேவ் டேடோனாவில் 203.79 மைல், அதாவது 328 கி.மீ. ஓட்டி 200 மைல் எல்லையைக் கடந்தார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மடபேலே விமான இன்ஜின், நடுவில் ஓட்டுநர். '1000 குதிரைத்திறன் சன்பீம்' என்று விளம்பரம் செய்தார்கள். நிஜத்தில் ஏறக்குறைய 900தான். கம்பெனிகள் சொல்லும் எண்கள் அன்றும் அப்படித்தான். அவர் ஏன் அட்லாண்டிக்கைக் கடந்து போனார்? பெண்டைன் இந்த வேகத்துக்குச் சிறியதாகிவிட்டது. அதுவும் இன்ஜினால் வந்த தடை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

1928 டேடோனாவில் நடந்தவை ஒரு பெரிய பாடம். பிப்ரவரியில் கேம்பல் 333 கி.மீ. ஏப்ரல் 22 அன்று ரே கீச் 334. அவர் ஓட்டிய கார் 'வைட் டிரிப்ளெக்ஸ்'. நீங்கள் கேட்ட 80 லிட்டர் கார் இதுதான். பிலடெல்பியா பணக்காரர் ஜே. எம். வைட் மூன்று லிபர்ட்டி இன்ஜின்களை ஒரே சட்டத்தில் பூட்டினார். 36 சிலிண்டர், 81 லிட்டர். கிளட்ச் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை. தள்ளிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். ரிவர்ஸ் விதி இங்கேயும் குறுக்கே வந்தது. பின்னால் தனியாக ஓர் அச்சும் சக்கரங்களும் மாட்டி, அதைக் கீழே இறக்கினால் கார் பின்னால் நகரும் என்று காட்டி ஒப்பேற்றினார்கள். காற்றின் வடிவத்தைப் பற்றி யாரும் யோசித்த மாதிரியே தெரியாது. 1927 சன்பீமைவிட 80 சதவீதம் அதிக கொள்ளளவு, வேகத்தில் கிடைத்த லாபமோ மணிக்கு 6 கி.மீ. வெறும் பலத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நேர் எதிர் முனையில் ஃபிராங்க் லாக்ஹார்ட். 1926 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை ஜெயித்த இளைஞர், பொறியியலில் அபார மூளை. 'ஸ்டட்ஸ் பிளாக் ஹாக்' என்ற அவர் காரில் வெறும் 3 லிட்டர், 16 சிலிண்டர், இரண்டு சூப்பர்சார்ஜர். சக்கரங்களைக்கூடத் தனித்தனி உறைக்குள் மூடியிருந்தார். ரேடியேட்டர் காற்றைத் தடுக்கும் என்று அதற்குப் பதில் பனிக்கட்டியை வைத்து இன்ஜினைக் குளிரச் செய்தார். பிப்ரவரியில் கார் கடலுக்குள் உருண்டு விழ, வேடிக்கை பார்த்தவர்கள் இழுத்துக் காப்பாற்றினார்கள். கீச் சாதனைக்கு மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 25 அன்று மறுபடி ஓடினார். பின் டயர் வெடித்தது. முந்தைய ஓட்டத்தில் சறுக்கியபோது சிப்பி ஒன்று டயரைக் கீறியிருக்கலாம் என்பார்கள். கார் பல்டி அடித்து அவரை வெளியே எறிந்தது. வயது 25. அந்தக் கார் மட்டும் நல்ல தரையில் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காதவர்கள் இந்தத் துறையில் குறைவு.

1929 மார்ச் 11. சீகிரேவ் 'கோல்டன் ஆரோ' காருடன் டேடோனா வந்தார். ஒரே நேப்பியர் லயன், சுமார் 925 குதிரைத்திறன், நல்ல வடிவம், மூக்கின்மேல் துப்பாக்கிக்கு இருப்பது போல ஒரு குறிநோக்கி, குளிர்விக்க லாக்ஹார்ட் பாணியில் பனிக்கட்டி. 372 கி.மீ. ஒரே இன்ஜினில் மூன்று இன்ஜின்காரரை 38 கி.மீ. பின்னுக்குத் தள்ளினார். வைட் அதை மீட்க நினைத்தார். கீச் மறுபடி ஓட்ட மறுத்துவிட்டார், அந்தக் கார் ஆபத்து என்றார். டேடோனாவில் மெக்கானிக் கடை வைத்திருந்த லீ பைபிள் ஓட்ட ஒப்புக்கொண்டார். இப்படி வேகத்தில் ஓட்டிய பழக்கம் அவருக்கு இல்லை. மார்ச் 13 அன்று டிரிப்ளெக்ஸ் தடம் விலகிப் புரண்டது. பைபிளும், படம் எடுத்துக்கொண்டிருந்த சார்லஸ் டிராப் என்ற ஒளிப்பதிவாளரும் இறந்தார்கள். மறுத்த கீச், அந்த மே மாதம் இண்டியானாபொலிஸ் 500 ஜெயித்தார். இரண்டு வாரம் கழித்து வேறொரு பந்தயத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். சீகிரேவுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1930 ஜூனில் விண்டர்மியர் ஏரியில் நீர் வேக சாதனை செய்த கையோடு படகு கவிழ்ந்து இறந்தார்.

இவ்வளவு சாவுக்கு நடுவில் டயரைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம், மணிக்கு 480 கி.மீ. வேகம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஓரத்தில் இருக்கும் ரப்பர் வெளிப்பக்கம் இழுக்கப்படும் விசை, அதன் எடையைப் போல 3,600 மடங்கு. பத்து கிராம் ரப்பர் 36 கிலோ எடை மாதிரி இழுக்கும். ஆகவே மேல் ரப்பரை எவ்வளவு மெல்லியதாக வைக்க முடியுமோ அவ்வளவு மெல்லியதாக வைத்தார்கள். தாங்குவதெல்லாம் உள்ளே இருக்கும் பருத்தி இழைத் துணி. இந்த டயர்களின் ஆயுள் நிமிடக் கணக்கு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது டயர். டன்லப் கம்பெனியின் ஆட்கள் இந்தக் கதையில் ஓட்டுநர்களுக்குச் சமமான பாத்திரங்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

பிறகு களத்தில் கேம்பல் மட்டும். ரீட் ரெயில்டன் என்ற பொறியாளர் (இவர் தாமஸிடம் வேலை பார்த்தவர்) காரை மாற்றி அமைத்தார். 1931இல் 396 கி.மீ., கேம்பலுக்கும் 'சர்' பட்டம். 1932இல் 408. 1933இல் 36.7 லிட்டர் ரோல்ஸ்-ராய்ஸ் R இன்ஜின் ஏறியது, 2,300 குதிரைத்திறன். வேகம் 438. அதே இன்ஜினோடு, பின்னால் இரட்டைச் சக்கரம், காற்றுத் தடுப்பு பிரேக் எல்லாம் சேர்த்து 1935 மார்ச்சில் வந்தார்: 445. இரண்டு வருட உழைப்புக்கு 7 கி.மீ. சக்தி இருந்தது, சக்கரங்கள் மணலில் வழுக்கிச் சுழன்று அதை வீணடித்தன.

அதனால் அதே வருடம் அமெரிக்காவுக்குள்ளேயே வேறு இடம் பார்த்தார்கள். யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புப் பாலை. கடல் ஏற்றம் இல்லை, சிப்பி இல்லை, தட்டை, கெட்டி, கண்ணுக்கு எட்டியவரை நீளம். செப்டம்பர் 3 அன்று முதல் ஓட்டத்தில் மைலை 11.83 வினாடியில் கடந்தார். முன் டயர் ஒன்று வெடித்துத் தீப்பிடித்தது. மாற்றிக்கொண்டு திரும்பி ஓடி 12.08 வினாடி. முதலில் 299.9 மைல் என்று அறிவித்தார்கள். 300ஐ நூலிழையில் தவறவிட்ட ஏமாற்றத்தில் அவர் இருந்தபோது கணக்கைத் திருத்தி 301.13 என்றார்கள், மணிக்கு 484.6 கி.மீ. அதே கார், அதே இன்ஜின், ஆறு மாத இடைவெளி, வேறு தரை: 39 கி.மீ. கூடுதல். கேம்பல் அதோடு நிலத்தில் ஓடுவதை நிறுத்திக்கொண்டார். 1948இல் நோயில் படுத்து இறந்தார். இந்தப் பட்டியலில் அது அபூர்வம்.

பெண்கள் யாரும் இல்லையா என்று அடுத்து கேட்பீர்கள். டோரதி லெவிட் இருந்தார். 1905இல் பிரைட்டனிலும், 1906இல் பிளாக்பூலிலும் நேப்பியர் கார் ஓட்டிப் பெண்களுக்கான வேக சாதனை வைத்தார், இரண்டாவது 90.88 மைல், அதாவது 146 கி.மீ. தலைமுடி பறக்கத் திறந்த காரில் அந்த வேகம் சாதாரணமில்லை.

இந்தக் கார்களில் சிலவற்றை நேரில் பார்க்கலாம். ஜெனாட்ஸியின் கார் பிரான்சில் கோம்பியேன் அருங்காட்சியகத்தில். கின்னஸும் கேம்பலும் ஓட்டிய சன்பீம், சீகிரேவின் 1000 குதிரைத்திறன் சன்பீம், கோல்டன் ஆரோ மூன்றும் இங்கிலாந்தில் பியூலி தேசிய மோட்டார் அருங்காட்சியகத்தில். ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் கோல்டன் ஆரோவைப் பாருங்கள். பயிற்சி ஓட்டத்தையும் சேர்த்து அது தன் ஆயுளில் ஓடிய மொத்தத் தூரம் 40 மைலைத் தொடவில்லை.